கிழக்கு மூலை ஷட்டரை மூடிய நாள்

கம்பெனி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள். நான் வேலை பார்த்த அதே சுற்றுச்சூழல் பிரிவில் இப்போது இருப்பவள். தலைப்பையும் அவளே கொடுத்தாள்: 'நமது பசுமைப் பயணம்'. மரம் நட்டது, கூரையில் சோலார் போட்டது, தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பயன்படுத்துவது எல்லாவற்றையும் நல்லவிதமாக எழுத வேண்டுமாம்.

"உங்க அனுபவத்துல இருந்து எழுதுங்க மேடம். புதுசா சேர்றவங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றாள்.

உட்கார்ந்தேன். மரம் நட்டதைப் பற்றி ஒரு பாரா வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் எனக்குள் இருந்தது உற்சாகம் அல்ல, பயம். காலையில் பஸ் ஏறும்போது வயிற்றில் வந்து உட்காரும். சாயங்காலம் இறங்கும்போது பாதிதான் இறங்கும். அதைச் சொல்லாமல் எழுதினால் நான் அங்கே வேலையே பார்க்காதது போல ஆகிவிடும். அந்த ஒரு பாராவை மலருக்கு அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை. செல்போனையோ டிவியையோ திறந்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஓர் அட்டை இருக்கும் அல்லவா, அதைத் தயாரிக்கும் இடம். சர்க்யூட் போர்டு என்போம். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடச் சுத்தமான தொழில் கிடையாது. புகை இல்லை, கரி இல்லை. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் நடப்பது போல நடப்பார்கள். ஆனால் அந்த அட்டையில் செம்புக் கோடுகள் வர வேண்டுமானால், வேண்டாத செம்பை அமிலத்தில் கரைத்து எடுக்க வேண்டும். சில இடங்களில் தங்கம் பூச வேண்டும். தங்கப் பூச்சுக்குச் சயனைடு உப்பு வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரில் அலச வேண்டும். அப்படி அலசிய தண்ணீர் எல்லாம் கட்டடத்தின் பின்பக்கம் எங்களிடம் வரும். ஈ.டி.பி. என்று பெயர். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடம். முன்வாசலில் வருகிற விருந்தாளிகள் அங்கே வர மாட்டார்கள்.

பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு முதலில் அம்பத்தூரில் ஒரு சின்ன முலாம் பட்டறையில் இருந்தேன். அங்கே கழிவுநீர் பின்பக்கச் சாக்கடையில் போகும். அது எங்கே போகிறது என்று நானும் கேட்டதில்லை, வேறு யாரும் கேட்டதில்லை. கல்யாணமாகிக் குன்றத்தூருக்கு வந்த பிறகு இந்தத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஆய்வகத்துக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். பிறகு ஈ.டி.பி.க்கு மாற்றினார்கள். என் கற்றுக்குட்டிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. உண்மையில் நான் வேலை கற்றுக்கொண்டது தேவசகாயம் சார் மேலாளராக வந்த பிறகுதான்.

அவர் என்னைவிட வயதில் சிறியவர். தூத்துக்குடிப் பக்கம். ஒல்லியாக, சட்டை பெரிதாக, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார் மாதிரி இருப்பார். வந்த அன்று எங்களை எல்லாம் உட்காரவைத்து அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"நான் கொஞ்சம் பயந்தவன், பாத்துக்கிடுங்க. அதனால ஒரே கேள்விய நூறு வாட்டி கேப்பேன். கோவிச்சுக்கிடப்படாது."

சொன்னபடியே கேட்டார். ஒரு பம்ப்பைப் போடும் முன்பு, ஒரு குழாயைத் திறக்கும் முன்பு, ஒரு பீப்பாயை நகர்த்தும் முன்பு: "இது தப்பாப் போனா எங்க போவும்?" நாங்கள் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தொட்டி நிறைந்தால் அந்தத் தொட்டிக்குப் போகும் சார். அதுவும் நிறைந்தால்? தரைக்கு வரும் சார். தரையிலிருந்து? மழைநீர்க் கால்வாய்க்கு. அங்கேயிருந்து? மழைநீர்க் கால்வாய் கிழக்கு மூலையில், சக்கரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் ஓர் இரும்பு ஷட்டரைத் தாண்டி வெளியே போகிறது. அங்கிருந்து ஓடையாகி, கீழே இருக்கும் ஊரின் ஏரியில் விழுகிறது. எங்களோடு வேலை பார்த்த ஆபரேட்டர் பாபுவுக்கு அதுதான் சொந்த ஊர்.

தேவசகாயம் சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பயம் வருவதைப் பார்த்திருக்கிறேன். பயம் வந்தால் அவர் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்வார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சட்டைக் கையை இரண்டு பக்கமும் ஒரே அளவாக மடித்துக்கொள்வார். அவர் கையை மடிக்கத் தொடங்கினால் நாங்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிடுவோம்.

சயனைடு கலந்த தண்ணீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய். அமிலக் குழாய்க்குச் சிவப்பு, இதற்கு மஞ்சள். இரண்டும் சந்திக்கவே கூடாது. சந்தித்தால் வாயு வரும். கொஞ்சம் சுவாசித்தாலே ஆள் போய்விடுவார். பாதாம் பருப்பு வாசனை வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் சிலருக்கு அந்த வாசனை பிறவியிலேயே தெரியாது. நம்மில் யாருக்குத் தெரியாது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் வழியில்லை. அதை சார் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கு நான் மதியம் சாப்பிடவில்லை.

அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்வது ஒரு பூஜை மாதிரி. முதலில் காரம் விட்டு அமிலத்தன்மையை அடியோடு போக்க வேண்டும். பிறகு பிளீச்சிங் திரவத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அவசரப்படக் கூடாது. கலக்கி ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டரில் எண் ஏறும். ஏறவேண்டிய அளவு ஏறிவிட்டால் சயனைடு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அடுத்த தொட்டிக்கு, அதாவது அமிலத் தண்ணீர் வந்து சேரும் தொட்டிக்கு, வால்வைத் திறக்கலாம். தேவசகாயம் சார் இதில் ஒரு படியைக் கூட்டினார். மீட்டர் சொன்னாலும் கையால் ஒரு முறை சோதிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து மருந்து சொட்டிப் பார்க்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் நல்லது. நீலம் வந்தால் சயனைடு இன்னும் இருக்கிறது.

ஒரு நாள் உற்பத்திப் பிரிவிலிருந்து அவசரப்படுத்தினார்கள். தொட்டி நிறைந்துவிட்டது, சீக்கிரம் காலி செய்யுங்கள், லைன் நிற்கிறது என்று. மீட்டர் சரியான எண்ணைத்தான் காட்டியது. பாபு வால்வில் கை வைத்துவிட்டான்.

"மேடம், தொறந்துறட்டா?"

"இரு. சார் சோதிக்கச் சொல்லியிருக்காரு."

நான் மருந்தைச் சொட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து நீலம் மெல்ல மேலே வந்தது. ஊதுபத்திப் புகை போல அழகாக வந்தது.

"பாபு, கைய எடு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கைய எடுடா!"

அவன் சூடு பட்டதுபோல எடுத்தான். மீட்டரின் முனையில் அழுக்குப் படிந்து, அது பொய் எண்ணைக் காட்டியிருந்தது. தேவசகாயம் சார் வந்தார். கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டைக் கையை மடித்தார். அந்தத் தொட்டியை முதலிலிருந்து மறுபடி சுத்தம் செய்தோம். பிறகு டீ வந்தது. மூன்று பேரும் டம்ளரைப் பிடிக்க முடியாமல் மேஜை மேலேயே வைத்துக் குனிந்து குடித்தோம். அதைப் பார்த்துவிட்டு பாபுதான் முதலில் சிரித்தான்.

அதற்கடுத்த வருஷம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நிர்வாகம் வாசலில் பெரிய பலகை வைத்தது. 'எங்கள் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாது.' தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பக்கத்தில் பச்சை இலைப் படம். வாடிக்கையாளர் அதன் அடியில் ஒரு வேப்பங்கன்று நட்டார். எல்லோரும் கை தட்டினோம். தேவசகாயம் சார் மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன சார்?" என்றேன்.

"எழுதிப் போட்டுட்டாங்க மேடம். எழுதினவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. நாமல்லா இங்க கெடக்கணும்."

இனி அந்த மழையைச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி. சில நாட்களாக விடாமல் பெய்தது. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ரோடு முழுகி, பஸ் சுற்றிச் சுற்றி வந்தது. நான் உள்ளே போனபோது காலை ஷிப்ட் தொடங்கியிருந்தது. வேலைக் கோட்டுகூட மாட்டவில்லை, பாபு ஓடி வந்தான். தலையெல்லாம் நனைந்து, கையில் லிட்மஸ் மாதிரியான சோதனைத் தாள். மழைத் தண்ணீரில் தொட்டால் அது மஞ்சளும் பச்சையும் கலந்து இருக்கும். அவன் கையில் அது சிவப்பாக இருந்தது.

"கெழக்கு மூல ஷட்டராண்ட எடுத்தது மேடம்."

"தப்பா எடுத்திருப்ப."

"நாலு வாட்டி எடுத்துட்டேன். அத்தினியும் செவப்பு."

மழைநீரில் அமிலம். எங்கள் ஷட்டரைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருக்கிறது. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. குடை எடுக்காமல் ஓடினோம். ஷட்டரின் சக்கரம் துருவேறிப் பிடித்திருந்தது. பாபுவும் நானும் சேர்ந்து திருகினோம். பாதியில் இன்னொரு கை வந்து சேர்ந்தது. தேவசகாயம் சார். சக்கரம் கிறீச்சிட்டு இறங்கியது. வெளியே போகும் தண்ணீர் நின்றது. உள்ளே தண்ணீர் நிற்கத் தொடங்கியது. மழையோ நிற்கவில்லை.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. புதுக் கிடங்கு கட்டுவதற்காக லாரிகள் வந்துபோன இடத்தில் மண் அமுங்கியிருந்தது. அடியில் போன சிவப்புக் குழாய் உடைந்திருந்தது. உற்பத்திக் கூடத்திலிருந்து வருகிற அமிலத் தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள் இறங்கி, மழையோடு மேலே கிளம்பி, வளாகம் முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. லைனை நிறுத்தினால்தான் அமிலம் நிற்கும்.

ஆனால் எங்களை நடுங்கவைத்தது அது அல்ல. கிழக்கு மூலைக்குப் பக்கத்தில்தான் ரசாயனக் கிடங்கு. அதில் ஓர் அறையில் சயனைடு உப்பு டிரம்கள். ஷட்டரை மூடிவைத்தால் அமிலத் தண்ணீர் ஏறி அந்த அறைக்குள் போகும். திறந்தால் ஏரிக்குப் போகும். 'தப்பாப் போனா எங்க போவும்' என்ற கேள்விக்கு அன்று இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தொழிற்சாலைத் தலைவர் மழைக்கோட்டில் வந்தார். அவரும் பயந்துதான் இருந்தார், அதைச் சொல்லிவிட வேண்டும்.

"ஷட்டரைத் திறங்க தேவசகாயம். இவ்வளவு மழைத் தண்ணில கலந்து ஒண்ணுமில்லாமப் போயிடும். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"ஏரில விழும் சார்."

"கிடங்கு முழுகினா? உள்ள இவ்வளவு பேர் இருக்காங்க. ஒருத்தர் செத்தாலும் யாரு பொறுப்பு? நீங்களா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால்தான் அது கொடுமையாக இருந்தது. தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க உலர்ந்த துணி எதுவும் இல்லை. அப்படியே போட்டுக்கொண்டார். சட்டைக் கையை மடித்தார். மழையில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவாக.

"லைன நிறுத்துங்க சார். ஆளுங்கள முன்பக்கம் கேன்டீனுக்கு அனுப்பிருங்க. டிரம்ம நான் தூக்கி மேல வெக்கேன். இந்தச் சக்கரத்த மட்டும் திறக்க மாட்டேன்."

"லைனை நிறுத்தினா உள்ள இருக்கிற சரக்கு மொத்தமும் வீணாப் போகும், தெரியுமா?"

"தெரியும் சார்."

தலைவர் தண்ணீரைப் பார்த்தார். அது அவர் ஷூவுக்கு மேல் வந்திருந்தது. என்ன நினைத்தாரோ, திரும்பி ஓடினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே சைரன் கேட்டது. உற்பத்திக் கூடத்து மின்விசிறிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. எத்தனையோ வருஷம் கேட்டுப் பழகிய அந்தச் சத்தம் நின்றபோது, மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அந்த அமைதி சைரனைவிடப் பயமாக இருந்தது.

முகமூடி போட்டுக்கொண்டோம். இடுப்பில் வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி. அது கூவினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது உத்தரவு. யாருக்கு வர விருப்பம் என்று சார் கேட்டார். பாபு முன்னால் வந்தான். பராமரிப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நானும் போனேன். துணிச்சல் ஒன்றும் இல்லை. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவசரத் தொட்டி ஒன்றை சார் எப்போதும் காலியாகவே வைத்திருந்தார். அதில் வேறு ஏதாவது நிரப்பலாம் என்று நிர்வாகம் கேட்டபோதெல்லாம் மறுத்துச் சண்டை போட்டிருக்கிறார். இப்போது பம்ப் போட்டு வளாகத் தண்ணீரை அதில் ஏற்றினோம். தண்ணீர் ஏறும் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. நாங்கள் கிடங்கைத் திறந்தபோது அது வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. டிரம்களைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிப்படி வழியாக மேல்தளத்துக்கு ஏற்றினோம். முகமூடிக்குள் என் மூச்சு எனக்கு யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்டது.

கடைசி வரிசையில்தான் அது நடந்தது. பாபுவின் கால் வழுக்கியது. டிரம்மோடு விழுந்தான். டிரம் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்து, பக்கவாட்டில் உருண்டது. அந்தத் தண்ணீரில் தாளைத் தொட்டால் சிவப்பு.

யாரும் ஓடவில்லை. ஓட முடியவில்லை. எல்லோரும் இடுப்பில் இருந்த கருவியைத்தான் பார்த்தோம். என் மகளுக்கு அன்று பள்ளி உண்டா விடுமுறையா என்று ஒரு நினைவு சம்பந்தமில்லாமல் வந்தது. தேவசகாயம் சார் தண்ணீரில் மண்டியிட்டார். டிரம்மை நிமிர்த்தினார். மூடியின் விளிம்பைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவினார். சாமி சிலைக்கு எண்ணெய் தடவுவது போல அவ்வளவு மெதுவாக.

"மூடி இறுக்கமா இருக்கு" என்றார். பிறகு மறுபடி, தனக்கே சொல்வதுபோல, "மூடி இருக்கு, மூடி இருக்கு."

பாபு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அழுதுகொண்டிருந்தது முகமூடிக் கண்ணாடி மூடுபனி போட்டதில் தெரிந்தது. அந்த டிரம்மை சார் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே சுமந்து படியேறினார்.

அறை காலியானபின் சுண்ணாம்பு மூட்டைகளைப் பிரித்து வளாகத் தண்ணீரில் கொட்டினோம். தாள் மெல்ல மஞ்சளுக்கு வந்தது. உள்ளே இருந்த ஆபத்து ஒருவாறு கைக்குள் வந்தது. அப்போதுதான் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எப்போதும் மேடம் என்பவர்.

"எக்கா" என்றார். "ஷட்டர மூடுறதுக்கு முந்தி எவ்வளவு போச்சின்னு தெரியல. நீங்க பாபு ஊருக்குப் போயிட்டு வாங்க. ஏரித் தண்ணிய மாடும் மனுசரும் தொட வேண்டாம்னு சொல்லணும்."

"வெளியே யாரும் எதுவும் பேசக் கூடாதுன்னு இப்பத்தான் மைக்ல சொன்னாங்களே சார்."

"கேட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு நான் போன் போட்டுச் சொல்லிட்டேன். அவங்க வர்றதுக்குள்ள மாடு தண்ணி குடிச்சிரும்லா?"

சயனைடு அறைக்குள் போகும்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் இருக்கவில்லை. அங்கே பயப்பட வேண்டியது ஒரு டிரம். இங்கே மனிதர்கள்.

பாபு பைக்கை எடுத்தான். பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவன் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். "எங்கம்மா எருமைய ஓடையாண்டதான் மேடம் உடும். ஓடையாண்டதான் உடும்."

ஓடை ஏரியில் விழும் இடத்தில் ஆட்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். தண்ணீரின் விளிம்பில் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. சின்ன மீன்கள். வெள்ளை வெள்ளையாக, யாரோ பூவை உதிர்த்துவிட்டது போல. பாபுவின் அம்மா கன்னியம்மா தன் எருமையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருந்தார். அது தலையைத் தொங்கப்போட்டிருந்தது. வாயில் நுரை.

அவர் என்னுடைய கம்பெனிச் சட்டையைப் பார்த்தார். பிறகு மகனுடைய சட்டையைப் பார்த்தார்.

"உங்க கம்பெனித் தண்ணியாடா இது?"

பாபு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொன்னேன்.

"ஆமாம்மா. எங்க குழாய் உடைஞ்சிருச்சி. அமிலத் தண்ணி வந்திருக்கு. ஏரித் தண்ணிய யாரும் தொடாதீங்க. மாட்டையும் விடாதீங்க."

"எவ்ளோ வந்துகீது?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியாதுங்க."

"தெரியாம இன்னாத்துக்கு வந்த? பொணம் எண்றதுக்கா?"

ஒருவர் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஆட்கள் என்னைச் சுற்றி நெருங்கினார்கள். யாரோ என் பையைப் பிடித்து இழுத்தார்கள். கூட்டத்தின் சூடு முகத்தில் அடித்தது. இங்கேதான் எனக்கு ஏதோ ஆகப் போகிறது என்று நினைத்தேன். பாபு எனக்கு முன்னால் வந்து நின்றான். அவன் சொந்தக்காரர்களே அவனைத் தள்ளினார்கள்.

"அந்தம்மா ஓடியாந்து சொல்லுதுடா! உள்ள இருந்தவன் எவனும் வர்ல, இது வந்துகீது!" என்று அவன் கத்தினான்.

கன்னியம்மா எருமையின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அங்கிருந்தபடியே சொன்னார். "உடு. கையில இன்னாமோ வச்சிகினு கீது. பாக்கட்டும்."

என் கையில் சோதனைத் தாள்தான். அவர்கள் எல்லோரும் பார்க்க, ஓடை வாயில் தொட்டேன். ஆரஞ்சு. கரையோடு நடந்து நடந்து தொட்டுக்கொண்டே போனேன். கூட்டமும் கூடவே வந்தது. மஞ்சள். பிறகு பச்சை. ஏரியின் நடுப்பகுதிக்குத் தெர்மோகோல் பலகையில் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார் ஒருவர். அதுவும் பச்சை. அமிலம் வாய்ப்பக்கத்தோடு நின்றிருந்தது. செம்பு எவ்வளவு கலந்தது என்பதை இந்தத் தாள் சொல்லாது, அதற்கு ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னதால் இன்னும் கொஞ்சம் திட்டு விழுந்தது. பிறகு அவர்களே மண் மூட்டை கொண்டுவந்து ஓடையின் வாயை அடைத்தார்கள். நானும் மூட்டை பிடித்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எருமை பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. கால்நடை டாக்டர் வந்தும் காப்பாற்ற முடியவில்லை. கன்னியம்மா சத்தம் போட்டு அழவில்லை. அதன் கண்ணை மூடப் பார்த்தார், மூடவில்லை, தன் முந்தானையை எடுத்து அதன் முகத்தில் போட்டார். பாபு அன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் போகவே பயந்தான். கம்பெனிச் சட்டையைக் கழற்றிவிட்டு, வெற்று உடம்போடு தூரத்திலேயே மழையில் நின்றான்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகாரிகள் வந்து தொழிற்சாலையை மூடினார்கள். நீண்ட நாள் மூடியே கிடந்தது. ஊரில் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள், ஆகவே அதற்கும் சேர்த்துத் திட்டு எங்களுக்குத்தான். விசாரணையில் தேவசகாயம் சார் நடந்ததை எல்லாம் நடந்தபடி சொன்னார். குழாய் எங்கே உடைந்தது, யார் என்ன சொன்னார்கள், தான் என்ன செய்தார் என்று எதையும் மறைக்கவில்லை. அவரை முதலில் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளர் விசாரித்துவிட்டு, மூடி மறைக்காத ஒரே ஆளை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாராம். திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். சிவப்பு, மஞ்சள் எல்லாக் குழாய்களையும் மண்ணுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி தூக்கிப் போடவைத்தார். சயனைடு அறையை மேல்தளத்துக்கே மாற்றினார். கிழக்கு மூலை ஷட்டருக்கு இரண்டு பூட்டு போட்டு, ஒரு சாவியை ஊரில் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஜெயித்தார். இப்போதும் ஊர் ஆட்கள் வந்து சாவி போடாமல் அந்த ஷட்டர் திறக்காது. வாசல் பலகையை நிர்வாகமே கழற்றிவிட்டது. இதெல்லாம் முடிந்த பிறகு அவர் வேலையை விட்டுவிட்டுத் தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார்.

"ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு மேடம்" என்றார் கிளம்பும்போது. "அந்த மூடிய இன்னும் தடவிக்கிட்டே இருக்கேன்."

நான் அங்கேயே இருந்தேன். ஏரித் தண்ணீரை வாராவாரம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலையாயிற்று. செம்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதை ஊரில் சொல்லப் போனேன். கன்னியம்மா கம்பெனி கொடுத்த பணத்தில் வேறு எருமை வாங்கியிருந்தார். ஆனால் அதை ஏரிப் பக்கமே விடுவதில்லை. வீட்டிலேயே கட்டி, குழாய்த் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி நல்லாயிடுச்சும்மா. இனிமே மாட்ட விடலாம்" என்றேன்.

அவர் எழுந்து போனார். ஒரு சொம்பில் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்.

"நல்ல தண்ணியா? குடி."

ஊரார் சிலர் நின்று பார்த்தார்கள். பாபு தலையைக் குனிந்துகொண்டான். நான் சொம்பை வாங்கினேன். ஆய்வக முடிவு என் பையில் இருந்தது. நானே எடுத்த தண்ணீர், நானே சரிபார்த்த எண்கள். எல்லாம் தெரியும். ஆனாலும் சொம்பு என் கையில் ஆடியது. தண்ணீர் விளிம்பில் தளும்பி என் புடவையில் சிந்தியது. வாய் வரைக்கும் கொண்டுபோனேன்.

கன்னியம்மா என் கையைப் பிடித்துச் சொம்பை வாங்கிக்கொண்டார்.

"வேணாம். உனுக்கே பயமா கீது."

"பயம்தாம்மா. ஆனா தண்ணி நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் உண்மைதான்."

அவர் தண்ணீரைக் கீழே ஊற்றினார். "இன்னொரு மழ போவட்டும். வந்து மறுபடி பாரு. அப்பவும் சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இன்னொரு மழைக்காலம் போனது. மறுபடி பார்த்தேன், மறுபடி சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் நான் குன்றத்தூரில் பஸ்ஸுக்காக நிற்கும்போது பாபு போன் செய்தான்.

"மேடம், அம்மா மாட்ட ஏரில எறக்கிடுச்சி."

"குடிச்சுதா?"

"குடிச்சிகினே கீது."

பஸ் வந்தது. ஏறினேன். அன்று முழுவதும் போனை மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். மாட்டுக்கு ஏதாவது ஆனால் பாபு கூப்பிடுவான் என்று, எது செய்தாலும் அதன் மேல் ஒரு கண். சாயங்காலம் பொழுது இறங்கும் வரை அது மறுபடி ஒலிக்கவில்லை.